வீட்டுக்கு வரும் மான் கறி: வேட்டை பற்றி மார்க்கமும் சட்டமும்



"ஹஜ்ரத், பிஸ்மி சொல்லித்தான் அறுத்தாங்களாம். சாப்பிடலாமா?"

மான் கறி, முயல் கறி, கொக்குக் கறி என்று ஆலிம்களிடம் வரும் கேள்வி பெரும்பாலும் இந்த ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. கேட்பவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார். ஹலாலைப் பேணும் குடும்பம் என்பதால்தான் அந்தக் கேள்வியே எழுகிறது. ஆனால் வேட்டை மூலம் வந்த கறியைப் பற்றி மார்க்கம் கேட்பது இதைவிட அதிகம். அந்தப் பிராணி எது, அது எப்படி உயிர் விட்டது, அதை எடுக்க அந்த மனிதருக்கு உரிமை இருந்ததா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். பிஸ்மி சொன்னதாகக் கேள்விப்பட்டது இரண்டாவது கேள்வியின் ஒரு மூலைக்கு மட்டுமே பதில்.

மான் உண்ண அனுமதிக்கப்பட்ட பிராணி. இதில் நான்கு மத்ஹபுகளிலும் சர்ச்சை இல்லை. சிக்கல் முழுவதும் மற்ற இரண்டு கேள்விகளில்தான் இருக்கிறது. அதைப் பேசும் முன், நம் பகுதியில் மான் என்றால் எந்த மான் என்று பார்த்துவிடுவோம்.

நம் கரையின் மான்கள்

காரைக்காலில் காடு கிடையாது. அரசலாறும் திருமலைராயன் ஆறும் கடல் சேரும் கடைமடை இது. வயலும் திடலும் உப்பங்கழியும் சவுக்குத் தோப்பும்தான் நம் நிலம். மான் பார்க்க வேண்டுமென்றால் நாகூர், நாகப்பட்டினம், வேதாரண்யம் தாண்டி ஏறத்தாழ 80 கிலோமீட்டர் போக வேண்டும். கோடியக்கரை வனவிலங்கு சரணாலயம் 1967ல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முதன்மைக் காரணமே அங்கிருக்கும் வெளிமான்கள்தாம். வலசை வரும் பறவைகளுக்காக அந்த ஈரநிலம் 2002ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

வெளிமான் என்ற பெயரிலேயே அதன் குணம் இருக்கிறது. புல்வெளியில், திறந்த வெளியில் வாழும் பிராணி அது. எதிரியைத் தூரத்தில் பார்த்து, ஓடித் தப்பிப்பதுதான் அதன் பாதுகாப்பு. வளர்ந்த ஆணுக்கு முதுகு கருத்து, வயிறு வெளுத்து, முறுக்கிய கொம்பு நீண்டிருக்கும். பெண் மான் செம்பழுப்பு நிறம். விலங்கியல்படி இது மான் குடும்பத்தைச் சேர்ந்ததன்று, ஆடுமாடு குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால் கொம்பு கிளை விடாது, விழுந்து முளைக்காது. அதே சரணாலயத்தில் உள்ள புள்ளிமான்தான் அசல் மான். அதன் கொம்பு கிளை விட்டு வளரும், விழும், மறுபடி முளைக்கும்.

தமிழ் முஸ்லிம்களுக்கு மான் வெறும் கறியாக மட்டும் இருந்ததில்லை. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' என்றே ஒரு பகுதி உண்டு. வேடனிடம் சிக்கிய பிணைமான் தன் குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிணை நிற்பதாக அமைந்த கதை. அந்த அறிவிப்பு பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறியிருக்கிறார்கள். எனவே அதை வைத்து நாம் சட்டம் சொல்ல வரவில்லை. நம் முன்னோர் மானை எந்தக் கண்ணோடு பார்த்தார்கள் என்பதற்கு அது ஒரு சான்று, அவ்வளவுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது கோடியக்கரைக் காடு சின்னாபின்னமானது. கடல் நீரில் அடித்துச் செல்லப்பட்ட மான்கள் பிறகு நம் காரைக்கால் கரையில் உயிரற்று ஒதுங்கின. அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். மான் எங்கோ இருக்கும் பிராணி, நமக்கு என்ன என்று நினைப்பவர்கள் அதை நினைத்துப் பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஒன்றுதான். வாஞ்சூர் சோதனைச் சாவடியைத் தாண்டினால் பெட்ரோல் விலை மாறும், வேறு சில விலைகளும் மாறும். வனச் சட்டம் மாறாது.

இச்சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு நாம் நினைப்பதைவிட விரிந்த பொருள். சுடுவது மட்டுமல்ல, கண்ணி வைப்பது, வலை விரிப்பது, விஷம் வைப்பது, இரை வைத்து வரவழைப்பது, விரட்டிப் பிடிப்பது எல்லாமே வேட்டை. முயன்று தோற்றாலும் வேட்டைதான். பறவைகளின் முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் அதில் அடங்கும்.

வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வேட்டையாடினால் 3 ஆண்டுக்குக் குறையாத, 7 ஆண்டு வரை நீளக்கூடிய சிறை. 2022ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாய். புள்ளிமான் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. அதற்குப் பொதுவாக 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். ஆனால் சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் எந்த அட்டவணையானாலும் முன் சொன்ன கடும் தண்டனைதான். "புள்ளிமான்தானே, சின்ன கேஸ்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியது இன்னொரு பகுதி. சட்டவிரோதமாக வேட்டையாடப்பட்ட பிராணியும் அதன் கறியும் அரசின் சொத்து. தானாகச் செத்துக் கிடந்ததும், தவறுதலாகக் கொல்லப்பட்டதும்கூட அரசின் சொத்துதான். அப்படி ஒன்று கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். கறி ஒருவர் வசம் இருப்பது நிரூபிக்கப்பட்டால், அது சட்டப்படி வந்ததுதான் என்று காட்டும் பொறுப்பு அவர் தலையில் விழும். ஃப்ரீசரில் அரைக் கிலோ கறியை வைத்திருக்கும் அம்மா, "தம்பியோட கூட்டாளி கொடுத்தாங்க" என்று சொன்னால் அது போதாது. வேட்டைக்குப் போனவன் ஓடிவிடுவான். மாட்டிக்கொள்வது சமைத்த வீடு.

உயிருக்கு ஆபத்து வரும்போது தற்காப்புக்காக நல்லெண்ணத்தோடு ஒரு விலங்கைக் கொன்றால் அது குற்றமாகாது. அப்போதும் அதன் உடல் அரசுக்கே. பயிரை அழிக்கும் விலங்கு விஷயத்தில் வனத்துறையின் எழுத்து மூல அனுமதி வேண்டும். விவசாயி தானாக முடிவெடுக்க முடியாது.

பழைய வீடுகளில் ஒரு சங்கதி உண்டு. பர்மா, சைகோன், மலாயா என்று பாட்டனார்கள் பயணம் செய்த காலத்து மான் கொம்பு கூடத்துச் சுவரில் தொங்கும். அதற்கு உரிமைச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். வாரிசாக வந்ததாக இருந்தாலும் 90 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது விதி. காகிதம் இல்லாவிட்டால் ஒரு வழக்கறிஞரிடம் பேசி வனத்துறையை அணுகுவது நல்லது. ஆன்லைனில் விற்கப் பார்ப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

வேட்டைக்கு மார்க்கம் வைத்த ஒழுங்கு

இஸ்லாம் வேட்டையைத் தடை செய்யவில்லை. மாயிதா அத்தியாயத்தின் 4ஆம் வசனம், பயிற்சி பெற்ற வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ண அனுமதிக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய 3ஆம் வசனம் என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். தானாகச் செத்தது, கழுத்து நெரிபட்டுச் செத்தது, அடிபட்டுச் செத்தது, உயரத்திலிருந்து விழுந்து செத்தது, கொம்பால் முட்டப்பட்டுச் செத்தது, விலங்கு கடித்துத் தின்றது ஆகியவை விலக்கப்பட்டவை. உயிர் இருக்கும்போதே பிடித்து முறையாக அறுத்தால் மட்டும் விதிவிலக்கு.

இப்போது நம் நாட்டில் திருட்டு மான் கறி எப்படி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். கம்பிச் சுருக்கில் மாட்டி இரவெல்லாம் துடித்துக் காலையில் செத்துக் கிடந்தால் அது நெரிபட்டுச் செத்தது. தெரு நாய்களை ஏவி விரட்டிக் கடிக்க விட்டால் அது விலங்கு தின்றது. பயிற்சி பெற்ற வேட்டை நாய் என்ற சலுகை அதற்குக் கிடையாது. தடியால் அடித்து வீழ்த்தினால் அடிபட்டுச் செத்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி மோதி விழுந்ததும் அதே வகை. கஜாவில் கரை ஒதுங்கியது தானாகச் செத்தது. விற்பவன் "அறுத்தது" என்றுதான் சொல்வான். உயிர் போன பிறகு கழுத்தில் கத்தி வைத்தால் அது அறுப்பு ஆகாது. இருட்டில், அவசரத்தில், பயத்தில் நடக்கும் வேலையில் உயிர் இருந்ததா போயிருந்ததா என்று யார் பார்த்தார்?

இந்தச் சந்தேகத்தை நபி (ஸல்) அவர்களே தீர்த்து வைத்திருக்கிறார்கள். தய்யி குலத்தைச் சேர்ந்த அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டையாடிப் பழகியவர். அவர் நுணுக்கமாகக் கேள்விகள் கேட்டார். புகாரி, முஸ்லிம் நூல்களில் அவை பதிவாகியுள்ளன. பிஸ்மி சொல்லி ஏவிய நாயோடு வேறு நாயும் சேர்ந்திருந்தால் உண்ணக் கூடாது, ஏனெனில் பிஸ்மி சொன்னது உன் நாய்க்குத்தான். நாய் தானே தின்றிருந்தால் உண்ணக் கூடாது, அது தனக்காகப் பிடித்திருக்கலாம். அம்பு பட்ட பிராணி தண்ணீரில் விழுந்து கிடந்தால் உண்ணக் கூடாது, கொன்றது அம்பா தண்ணீரா என்று தெரியாது. கூர்முனை குத்திச் செத்தால் உண்ணலாம், கழியின் பக்கவாட்டில் அடிபட்டுச் செத்தால் கூடாது. ஒரு நாள் இரண்டு நாள் கழித்துக் கண்டெடுத்தாலும் தன் அம்பின் தடம் தவிர வேறு காயம் இல்லையென்றால் உண்ணலாம். இந்தப் பதில்கள் எல்லாவற்றிலும் ஒரே அளவுகோல்தான்: எப்படிச் செத்தது என்பதில் உறுதி இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். தன் கையால் வேட்டையாடியவருக்கே இந்த விதி. முகம் தெரியாதவன் பிளாஸ்டிக் பையில் கொண்டுவரும் கறிக்கு என்ன சொல்ல?

துப்பாக்கி பற்றித் தனியாகக் கேட்கிறார்கள். குண்டு வேகத்தால் இடித்துக் கொல்கிறது, கூர்மையால் அறுத்துக் கொல்வதில்லை என்பதால், அறுக்கும் முன் செத்துவிட்டால் கூடாது என்பது ஹனஃபி அறிஞர்கள் பலரின் நிலைப்பாடு. துளைத்து இரத்தம் ஓட்டுகிறது, எனவே கூடும் என்பது இக்கால அறிஞர்கள் பலரின் கருத்து. பிஸ்மி விஷயத்திலும் வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அது சுன்னத். ஹனஃபியில் வேண்டுமென்றே விட்டால் கறி கூடாது. நம் கரையோர ஊர்களில் இரு மத்ஹபினரும் கலந்து வாழ்கிறோம். வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாட்டில் இருப்பவர் தம் மத்ஹபு ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். உயிரோடு கைக்குக் கிடைத்தால் அறுத்துவிட வேண்டும் என்பதில் மட்டும் யாருக்கும் மறுப்பு இல்லை.

தடையும் மார்க்கத்தில் உள்ளதே

"அல்லாஹ் ஹலாலாக்கியதை அரசாங்கம் எப்படித் தடுக்கலாம்?" என்று இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். வேட்டைக்கு இடத்தடையும் காலத்தடையும் விதித்ததே மார்க்கம்தான் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. இஹ்ராமில் இருப்பவருக்குத் தரை வேட்டை ஹராம். மாயிதா 94ஆம் வசனம், கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணியைக் கொண்டுவந்து அல்லாஹ் சோதிப்பதைச் சொல்கிறது. அடுத்த வசனம், மீறிக் கொன்றவர் அதற்கு ஈடான கால்நடையைக் கொடுக்க வேண்டும், நேர்மையான இருவர் அதை மதிப்பிட வேண்டும் என்கிறது. மானுக்கு ஈடு ஓர் ஆடு என்று உமர் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்தார்கள்.

அபூ கதாதா (ரலி) அவர்களின் சம்பவம் இன்னும் நுட்பமானது. இஹ்ராம் கட்டாத அவர் காட்டுக் கழுதை ஒன்றை வேட்டையாடினார். உடன் வந்தவர்கள் இஹ்ராமில் இருந்தார்கள். அவர்கள் அதை உண்ணலாமா என்று கேட்டபோது, உங்களில் யாராவது அதைத் தாக்கச் சொன்னீர்களா, சுட்டிக் காட்டினீர்களா என்று நபியவர்கள் விசாரித்தார்கள். இல்லை என்ற பிறகே அனுமதித்தார்கள். விரலால் சுட்டிக் காட்டுவதுகூட வேட்டையில் பங்கு என்றால், இடம் சொல்லி அனுப்புவதும், வண்டி கொடுப்பதும், கறிக்கு முன்பணம் கொடுப்பதும் என்ன?

மக்காவின் ஹரம் எல்லைக்குள் வேட்டைப் பிராணியை விரட்டவும் கூடாது. மதீனாவில் மான்கள் மேயக் கண்டாலும் அவற்றை வெருட்ட மாட்டேன் என்று அபூஹுரைரா (ரலி) கூறியது புகாரியில் உள்ளது. இவை இபாதத்தோடு தொடர்புடைய தடைகள், வனச் சட்டம் அப்படியல்ல என்று ஒருவர் சொல்லலாம். சரி, 'ஹிமா' இருக்கிறதே. பொதுநலனுக்காக ஆட்சியாளர் ஒரு மேய்ச்சல் நிலத்தை மூடிவைப்பது அது. நபியவர்கள் நகீஃ என்ற இடத்தையும், உமர் (ரலி) அவர்கள் ஷரஃப், ரபதா ஆகிய இடங்களையும் அவ்வாறு ஒதுக்கினார்கள். அனுமதிக்கப்பட்ட ஒன்றைப் பொதுநலன் கருதிக் கட்டுப்படுத்த ஆட்சிக்கு அதிகாரம் உண்டு என்பதற்கு இது போதும்.

எனவே நம் முடிவு இது. இந்தியாவில் மான் வேட்டைக்குப் போவதும், அந்தக் கறியை வாங்குவதும், அன்பளிப்பாகப் பெறுவதும் கூடாது. முறையாக அறுக்கப்பட்டிருந்தால் கறி ஹராமாகாது, செயல்தான் பாவம் என்று பிரித்துச் சொல்லும் ஆலிம்கள் உண்டு. அந்தப் பிரிவினை ஃபிக்ஹு பாடத்தில் சரிதான். ஆனால் அடுத்தவன் ஆட்டைத் திருடி பிஸ்மி சொல்லி அறுத்தால் உரியவர் அனுமதி இல்லாமல் நாம் உண்போமா?

கொக்கும் மடையானும்

மானைவிட நம் பகுதியில் அன்றாடம் நடப்பது பறவை வேட்டை. சம்பா நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் வலையும் கண்ணியும் வைத்து மடையான், கொக்கு, உள்ளான், நீர்க்கோழி பிடிக்கிறார்கள். குரலைப் பதிவு செய்து ஒலிக்கவிட்டு இரவில் வரவழைப்பதும் உண்டு. சிறகு பறித்து, தோல் உரித்து, 'காடை' என்று விற்றால் வாங்குபவருக்கு அடையாளம் தெரியாது. பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடையும் பண்ணை முயலும் வேறு. கடையில் கேட்டு, உயிரோடு பார்த்து வாங்குங்கள். காட்டு முயலுக்கும் வயல் பறவைக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு.

இதில் மிக ஆபத்தானது விஷம். பூச்சிமருந்து கலந்த நெல்லையோ மீனையோ வைத்துப் பறவையைச் சாய்ப்பவர்கள் இருக்கிறார்கள். மயங்கிய பறவையின் கழுத்தை அறுத்துவிட்டால் மார்க்கப்படி தப்பித்ததாக நினைக்கிறார்கள். அதன் ஈரலிலும் குடலிலும் இருக்கும் மருந்து சமைத்தாலும் போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. குழந்தைக்கு ஆஸ்துமா தீரும், முதியவருக்கு முட்டுவலி தீரும் என்று சொல்லி இந்தக் கறியை ஊட்டும் பழக்கத்தை வீட்டுப் பெண்கள் நிறுத்தினாலே பாதி வியாபாரம் படுத்துவிடும்.

பையன்களின் உண்டிவில்லையும் ஏர்கன்னையும் பற்றிச் சொல்ல வேண்டும். விரலால் கல் சுண்டுவதை நபியவர்கள் தடுத்தார்கள். அது வேட்டையையும் வீழ்த்தாது, எதிரியையும் வீழ்த்தாது, பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும் என்று காரணமும் சொன்னார்கள். உயிருள்ள பறவையைக் கட்டி வைத்து எய்து விளையாடிய சிறுவர்களை இப்னு உமர் (ரலி) கண்டபோது, உயிருள்ளதை இலக்காக்குபவரை நபியவர்கள் சபித்ததை எடுத்துச் சொன்னார்கள். நோன்புப் பெருநாள் காசில் ஏர்கன் வாங்கித் தரும் தகப்பன்மார் இதைப் படித்தால் நல்லது.

வேட்டை அனுமதிக்கப்பட்ட நாட்டில் இருப்பவர்களுக்கு

காரைக்கால் குடும்பங்களில் பிரான்சில் ஒரு காலும் இங்கே ஒரு காலுமாக இருப்பவர்கள் ஏராளம். அங்கே மான் வேட்டை சட்டப்படி நடக்கிறது. ஓநாய் போன்ற எதிரிகள் குறைந்த காடுகளில் மான் பெருகினால் இளங்கன்றுகளைக் கடித்துக் காட்டையே வளரவிடாது. அதனால் பகுதிக்கு இத்தனை என்று எண்ணிக்கை நிர்ணயித்து, வீழ்த்திய மானுக்கு எண்ணிட்ட பட்டை மாட்டிய பிறகே நகர்த்த அனுமதிக்கிறார்கள். தேர்வெழுதி வேட்டை உரிமம் பெறாமல் துப்பாக்கியைத் தொட முடியாது. மலேசியத் தீபகற்பத்திலும் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி உரிமம் வேண்டும்.

அங்கே போகும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை சில. மான் கண்ணைவிட மூக்கை நம்பும் பிராணி. காற்று நம் பக்கமிருந்து அதன் பக்கம் வீசினால் எவ்வளவு ஒளிந்தும் பயனில்லை. விடியலும் அந்தியும் அது மேய வரும் நேரம். உயரமான மரப் பரணில் உட்கார்ந்து கீழ்நோக்கிச் சுடுவது பாதுகாப்பு. தவறினாலும் குண்டு மண்ணில் புதையும். பக்கவாட்டாக நிற்கும்போது முன்காலுக்குச் சற்றுப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தில் பட்டால்தான் சீக்கிரம் உயிர் போகும். ஓடும் மானைச் சுடுவதும், தூரம் தெரியாமல் சுடுவதும் பிராணியை வதைப்பது. கத்தியைக் கூராக்கி அறுக்கப்படுவதற்கு நிம்மதி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் அதற்கு இடமில்லை.

வேட்டை விபத்துகளில் திரும்பத் திரும்பக் காணும் தவறு, அசைவைப் பார்த்துச் சுடுவது. புதருக்குப் பின்னால் இருப்பது மானா மனிதனா என்று முழுதாகத் தெரிந்து, அதற்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே விரல் விசைக்குப் போக வேண்டும். வேலி தாண்டும்போதும் பரணில் ஏறும்போதும் குண்டை வெளியே எடுத்துவிட வேண்டும். கூட்டு வேட்டையில் பளிச்சென்ற ஆரஞ்சு மேலங்கி பிரான்சில் கட்டாயம்.

ஒரு நுணுக்கம். காயம்பட்ட மானை உடனே துரத்தினால் அது வலியோடு வெகுதூரம் ஓடிவிடும். கொஞ்ச நேரம் காத்திருந்து இரத்தத் தடத்தைப் பின்தொடர்வது வேட்டைக்காரர் வழக்கம். தேடுவதைக் கைவிட்டு உட்கார்ந்துவிட்டால் கறி கூடாது என்று ஹனஃபி நூல்களில் உண்டு. தேடுவதற்காகவே காத்திருப்பது கைவிடுவதாகாது என்பது நம் கருத்து. காத்திருந்த பிறகு அலுத்துப்போய் வீட்டுக்குப் போவதுதான் கைவிடுவது. கிடைத்த பிறகு குடலைச் சீக்கிரம் எடுத்து உடலைக் குளிரவிட வேண்டும். ஈயக் குண்டு பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிய வேண்டும். அந்த ஈயத் துணுக்கு குழந்தைகளுக்குக் கேடு.

கடையில் பொட்டலத்தில் விற்கும் காட்டு மான் கறி யார் சுட்டது, எப்படிச் செத்தது என்று தெரியாது, விட்டுவிடுங்கள். பண்ணை மான் வேறு கதை. பிடித்து அறுக்க முடிகிற பிராணிக்கு வேட்டைச் சலுகை கிடையாது, ஆட்டைப் போல அறுக்கத்தான் வேண்டும். ஹலால் சான்றோடு வந்தால் தயக்கமில்லை.

நிலத்தை வைத்துக்கொள்ளும் விதம்

மான் குறைவதற்குத் துப்பாக்கி மட்டும் காரணமில்லை. கோடியக்கரையில் சீமைக்கருவேலம் புல்வெளியை மூடிக்கொண்டே வருகிறது. திறந்த வெளி போய்விட்டால் வெளிமானுக்கு மேய்ச்சலும் இல்லை, ஓடித் தப்ப இடமும் இல்லை. அங்கே காட்டில் திரியும் குதிரைகள் அதே புல்லைத் தின்கின்றன. சீமைக்கருவேலக் காயைத் தின்று சாணத்தில் விதையைப் பரப்பவும் செய்கின்றன. மரத்தை மேலே வெட்டினால் மறுபடி தழைக்கும், வேரோடு பிடுங்க வேண்டும், பிடுங்கிய இடத்தில் புல் வரும்வரை காக்க வேண்டும். கோடையில் நல்ல தண்ணீர் வற்றும்போது வனத்துறை தொட்டிகளில் நீர் நிரப்புகிறது. மான் தண்ணீரைத் தேடி ஊருக்குள் வரும் அந்த மாதங்களில்தான் நாய் கடித்துச் சாவது அதிகம். வீட்டில் மிச்சச் சோறு போட்டு வளர்த்துக் கட்டாமல் விடும் நாயும் ஒரு வேட்டைக்காரன்தான்.

நம் கடைமடை வயல்களில் கொக்கும் மடையானும் பூச்சியையும் புழுவையும் தின்கின்றன. வயலில் டி வடிவக் குச்சி நட்டால் இரவில் ஆந்தை வந்து உட்கார்ந்து எலி பிடிக்கும். வேளாண் துறையே இதைப் பரிந்துரைக்கிறது. எலிக்கு மின்வேலி போடுபவர்கள் மனிதர்களைக் கொன்றிருக்கிறார்கள். நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ பறவை தின்றாலும் அது ஸதகா என்ற ஹதீஸை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். பள்ளிவாசல் குளத்தைத் தூர்வாரும் ஜமாஅத்துகள் நான்கு கரையையும் சிமெண்டால் பூசாமல் ஒரு கரையையாவது மண்ணாகச் சரிவாக விட்டால் பறவையும் ஆமையும் இறங்கி ஏறும். மையவாடியில் பழைய வேம்பையும் புங்கையும் 'சுத்தம்' என்ற பெயரில் வெட்டாதிருந்தால் போதும், புதிதாக எதுவும் செய்யத் தேவையில்லை.

அடிபட்ட மான் ஒன்று வழி தவறி நம் பக்கம் வந்துவிட்டால், கூட்டம் சேர விடாதீர்கள், நாயை விரட்டுங்கள். மான் பயத்தாலேயே உயிர் விடும். ஒருவர் மட்டும் மெதுவாக அணுகிக் கண்ணை ஈரமில்லாத துணியால் மூடினால் அமைதியாகும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போகும். செல்போனைத் தூக்கிப் படம் எடுப்பவர்களை ஒதுக்கிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். எண் தெரியாவிட்டால் 112. அவர்கள் வருவதற்குள் செத்துவிட்டாலும் தோலுக்கோ கொம்புக்கோ கை வைக்காமல் அங்கேயே ஆள் நிறுத்திக் காத்திருங்கள்.